சொற்சேதாரம்

விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் விசிறித்தெருவில் வீட்டுக்கு ஒருவர் வாசலுக்கு வந்து நின்று, தங்கள் வண்டியிடம் பொய் சொன்னார்கள்.

அதில் ஒளிவுமறைவு கிடையாது. பல் துலக்குவதைப் போல, பால் பாக்கெட் எடுப்பதைப் போல அது ஒரு வேலை. "நாளைய பயணம்?" என்று வண்டி கேட்கும். கோடிவீட்டு வேலாயுதப்பெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராமேஸ்வரம், குடும்பத்தோட" என்பார். அவருக்கு அடுத்த வீட்டில் "சென்னை" என்று ஒரு குரல் கேட்கும். எதிர்வீட்டு ஜெபமணி கையில் கரண்டியோடு வந்து, "வேலூர். அப்பாவை ஆஸ்பத்திரியில காட்டணும்" என்று சொல்லிவிட்டு, தாளிப்பு கருகுவதற்குள் உள்ளே ஓடுவாள். மறுநாள் ஒருவரும் எங்கும் போகமாட்டார்கள். அந்தியில் வண்டி காரணம் கேட்டால், போகலாமென்றுதான் இருந்தோம், முடியாமல் போய்விட்டது என்பார்கள். வண்டி நன்றி சொல்லும்.

கயத்தாற்றுக்கு மேற்கே, காற்றாலைகளில் வேலை செய்கிறவர்களுக்காக எழுந்த குடியிருப்பு அது. நிலக்கரியை எரிக்கும் நிலையங்களை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. பகலில் வெயில், இரவில் காற்று. இரண்டும் பொய்த்தால் தெருவில் நிற்கும் வண்டிகள்தான். பகலெல்லாம் குடித்த மின்சாரத்தை இரவில் அவை தெருவுக்கே திருப்பிக் கொடுத்தன. மின்விசிறி சுற்றியதும், குளிர்பெட்டி முனகியதும், தண்ணீர் தொட்டி நிறைந்ததும் வாசலில் சும்மா நின்ற வண்டிகளின் தயவில்.

யாரிடமிருந்து எவ்வளவு எடுப்பது, யாருக்கு எவ்வளவு விடுவது என்று தீர்மானிப்பதற்குத் தெருமுனையில் ஒரு பெட்டி இருந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் தெரு மின்பகிர்வகம். ஜனங்கள் வைத்த பெயர் பங்காளி. நாளைக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அதற்கு வேண்டியதை வண்டியில் விட்டுவிட்டு மிச்சத்தைப் பங்காளி எடுத்துக்கொள்ளும். போகாவிட்டால் குற்றமில்லை. மனிதர்களுக்கு மனம் மாறும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் பயணத்துக்கென்று வைத்துக்கொண்ட மின்சாரத்தை இன்னொரு வண்டிக்கு ஏற்றிக் கொடுத்தால் சொன்னது பொய் என்று உறுதியாகிவிடும். ஒரு காற்றுப் பருவம் முடியும்வரை அந்த வீட்டுக்குச் சொல்லுரிமை கிடையாது. பங்காளி விட்டதுதான் மிச்சம்.

அந்தத் தெருவில் உண்மை சொல்கிறவள் ஒருத்திதான் இருந்தாள். ஆவுடைநாயகி. காற்றாலைகளின் மானிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. மானி காட்டுவதும் காற்று வீசுவதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை வைப்பாள். அலுவலகத்துக்குப் போகிற நாளில் அலுவலகம் என்பாள். போகாத நாளில், "எங்கும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் சற்று உயரும். எதிர்வீடு வரை கேட்க வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. ஆனால் கேட்கும்.

அது நேர்மையா, திமிரா என்று அவளே சில சமயம் யோசித்ததுண்டு. அவளுடைய மணவாழ்க்கை ஒரே வார்த்தையில் தேய்ந்து முடிந்திருந்தது. "வந்துட்டேன்" என்ற வார்த்தை. தெருமுனையில் இருப்பதாகச் சொன்ன கணவன் அப்போது வேறு ஊரில் இருப்பான். அவனிடம் பெரிய குற்றம் எதுவும் இல்லை. பெண் சகவாசம் இல்லை, குடி இல்லை. அவன் சொல்லுக்கும் அவனுக்கும் இடையில் எப்போதும் ஒரு தூரம் இருந்தது, அவ்வளவுதான். சோற்றை மூடி வைத்துவிட்டு அந்தத் தூரத்தை அளந்தபடியே உட்கார்ந்திருந்து ஒருநாள் அவள் எழுந்துவிட்டாள். இனிமேல் தன் வாயிலிருந்து அளவு தவறிய சொல் ஒன்றும் வராது என்று யாரிடமும் சொல்லாமல் ஒரு வைராக்கியம் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஐப்பசியில் காற்று அடியோடு நின்றுவிட்டது. வானம் மூடிக் கிடந்தது. காற்றாலைகளின் இறக்கைகள் கை விரித்தபடி நின்றன. அந்த வாரத்தில்தான் மதுரைக் குழந்தைகள் இல்லத்திலிருந்து ஆவுடைக்கு அழைப்பு வந்தது. தத்தெடுக்க, தாழை என்ற ஐந்து வயதுப் பெண் குழந்தை. மறுநாள் காலை பத்து மணிக்குள் வந்து அழைத்துப் போகலாம்.

பத்து மணி என்றால் பத்து மணிதான். வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களுக்காக உடுத்தி, தலைவாரி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி மாலைவரை உட்கார்ந்திருந்த குழந்தைகள் அந்த இல்லங்களில் நிறைய இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் விதி வந்தது. குழந்தை காத்திருக்கக் கூடாது. குறித்த நேரம் தாண்டினால் வரிசையில் அடுத்தவர் கூடத்தில் தயாராக உட்கார்ந்திருப்பார். குழந்தை அவரோடு போய்விடும். தவறவிட்டவர் பெயர் வரிசையிலிருந்து நீங்கும். ஆவுடை அந்த வரிசையில் சேர்ந்தபோது அவள் தலையில் ஒரு நரைகூட இல்லை.

அன்று அந்தியில் வண்டி கேட்டது. "நாளைய பயணம்?"

"மதுரை. போய் வர" என்றாள் ஆவுடை.

ஒரு கணம் நாக்கு தடுமாறியது உண்மைதான். இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன என்று தோன்றியது. பிறகு, ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிற அன்றைக்கா பொய்யில் தொடங்குவது என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அதைத் தடவிக் கொடுத்தபடியே தூங்கிப்போனாள்.

விடிந்ததும் குளித்து, சந்தன நிறப் புடவை கட்டி, வாசலுக்கு வந்து கதவைத் தொட்டாள். வண்டி திறக்கவில்லை.

"இந்த வண்டியில் சாத்தூர் சென்று திரும்பும் அளவே மின்சாரம் இருக்கிறது. நடுவழியில் நின்றுவிடக்கூடிய வண்டியைக் கிளம்ப அனுமதிக்க இயலாது" என்றது பங்காளியின் குரல். வண்டிக்குள்ளிருந்து வந்தாலும் அது பங்காளிதான். நிதானமான, மரியாதையான குரல்.

மதுரை என்று சொன்னேனே என்றாள் ஆவுடை.

"ஆம். தாங்கள் மதுரை என்றீர்கள். இத்தெருவில் மதுரை என்றவர்கள் இதுவரை அதிகபட்சம் சாத்தூர் வரை சென்றிருக்கிறார்கள். திருச்சி என்றவர்கள் மதுரை சென்றார்கள். சென்னை என்றவர்கள் வீட்டிலிருந்தார்கள். அவசரத்துக்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. ஆகவே எல்லோருடைய சொல்லிலும் சேதாரம் கழித்துவிட்டே கணக்கிடுகிறேன். அடுத்த முறை மதுரைக்குச் செல்ல வேண்டுமென்றால், தயவுசெய்து திருச்சி என்று சொல்லுங்கள்."

அவள் தன் பழைய சொற்களையெல்லாம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள். ஒருநாளாவது கூட்டிச் சொல்லியிருக்கிறேனா என்று கேட்டாள். இல்லை என்று பங்காளி ஒப்புக்கொண்டது. ஆனால் சேதாரம் தெருவுக்குப் பொதுவானது. ஒரு வீட்டுக்கென்று தனித் தராசு வைக்க அதற்கு அதிகாரமில்லை. அவள் பங்கு மின்சாரம் இரவே செலவாகிவிட்டது. தெருத் தொட்டியில் தண்ணீராகவும், யாரோ தூங்கிய அறையில் காற்றாகவும் அது போய்விட்டது.

ஆவுடை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் நின்றாள். முதல் பேருந்து இருட்டோடு போய்விட்டது. அடுத்தது மதுரைக்குப் போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது ஆகிவிடும். காற்றில்லாத நாட்களில் வாடகை வண்டிகள் மருத்துவமனைக்கு மட்டும்தான் வரும். வழியில் நிறுத்தி மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் இடங்கள் என்று முன்பு இருந்தனவாம். வீடுகளே அந்த வேலையைச் செய்யத் தொடங்கியதும் அவை பரோட்டாக் கடைகள் ஆகிவிட்டன.

நடைப்பயிற்சிக்கு வந்த வேலாயுதப்பெருமாள் அவள் முகத்தைப் பார்த்து நின்று விசாரித்தார். கேட்டுவிட்டு, தன் மகள் பரீட்சையில் தவறிவிட்டதைப் போல வருத்தப்பட்டார்.

"மதுரைன்னா சொன்னிய? யாராச்சும் மதுரைக்கு மதுரைன்னு சொல்லுவாகளா? நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

அவர் வண்டியிலும் தூத்துக்குடி போகத்தான் காணும் என்றார். ராமேஸ்வரம் கழிந்து கழிந்து அவ்வளவாகிவிட்டது. இருந்தாலும் கொடுக்க முடியாது என்று கையை விரித்தார். கொடுத்தால் பொய் ஊர்ஜிதமாகும், பிறகு தெருச் சங்கத் தலைவருக்கே சொல்லுரிமை இல்லையென்றால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டார். கேட்டுவிட்டு, வேகமாக நடந்து போனார்.

ஆவுடை தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். இத்தனை காலமும் அந்தியில் காதில் விழுந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தாள். ஏளனத்தோடு கேட்டிருந்தாலும் ஒன்றும் மறக்கவில்லை. திருச்செந்தூர், தென்கிழக்கு. கன்னியாகுமரி, தெற்கு. குற்றாலம், மேற்கு. வடக்கே பார்த்துப் பொய் சொன்னவர்கள் யார்? சென்னைக்காரர்களிடம் கையிருப்பு மட்டும்தான் இருக்கும். மிச்சம் ஒரே வீடுதான். சேதாரம் கழிக்க முடியாத ஒரே சொல்லும் அந்த வீட்டுச் சொல்தான். நோயாளியின் பெயரில் சொன்னதில் பங்காளி கைவைக்கக் கூடாது என்பது சட்டம்.

வேலூர். ஜெபமணி.

 ஆவணியில் நடந்த தெருக்கூட்டத்தில், தண்ணீர் ஏன் மாடிக்கு ஏறவில்லை என்ற பேச்சு வந்தபோது எழுந்து நின்றவள் ஆவுடைதான். இல்லாத நோயாளிக்கு மின்சாரம் ஒதுக்கினால் தண்ணீர் எப்படி ஏறும் என்று கேட்டிருந்தாள். ஜெபமணியின் அப்பா பொன்னையா குதிரை மாதிரி இருக்கிறார் என்றும் சொல்லியிருந்தாள்.  அதற்குப் பிறகு எதிரெதிர் வாசலில் கோலம் போடும்போதுகூட ஜெபமணியின் முதுகைத்தான் ஆவுடை பார்த்தாள்.

தெருவைக் கடக்க ஒரு யுகம் ஆனது போலிருந்தது. கம்பிக்கதவுக்குப் பின்னால் பொன்னையா பனியனும் சாரமுமாக, கையை மேலே தூக்கிக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சட்டென்று நாற்காலியில் சாய்ந்து இருமினார். இருமலை அவர் வெகுநாள் பழகியிருந்தார். நன்றாகவே வந்தது.

ஜெபமணி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். ஆவுடை சொன்னதை முழுவதும் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எங்கப்பா குதிரை மாதிரி இருக்காகன்னு சொன்னியளே, மைனி."

"சொன்னேன்."

"இப்ப அந்தக் குதிரைதான் வேணுமாக்கும்."

ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள். தான் எதிரே நிற்பவளாக இருந்தால் கதவைச் சாத்தியிருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த எண்ணம் உள்ளே எங்கோ சுருக்கென்று தைத்தது. எத்தனையோ மானிகளைச் சரிபார்த்தவள் ஒருநாளும் அந்த இடத்தில் ஊசியை வைத்துப் பார்த்ததில்லை.

"பிள்ளை பேரு என்ன?" என்றாள் ஜெபமணி.

"தாழை."

 ஜெபமணி உள்ளே திரும்பி, "எப்பா, சட்டையைப் போடுங்க. வேலூருக்குப் போறோம்" என்றாள்.

பொன்னையாவுக்கு இருமல் நின்றுவிட்டது. "நிசமாவா?"

"வேலூருக்கு மதுரை வழியாத்தான போவணும்? மதுரை வந்ததும் உங்களுக்குச் சொகமாயிடும். திரும்பிருவோம். மனசு மாறுறது குத்தமில்லையே."

வண்டியில் ஏறும்போதுதான் ஆவுடை எதிர்பாராதது நடந்தது. பொன்னையா முன்னிருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தார். ஓட்டும் இடத்தில் ஜெபமணி. ஆவுடை பின்னால் உட்கார்ந்ததும் வண்டி கேட்டது.

"இது நோயாளி வண்டி. உடன் வருபவர் யார் என்று அவரே தெரிவிக்க வேண்டும்."

ஜெபமணி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். கேலி இல்லை, இரக்கமும் இல்லை. சும்மா காத்திருந்தாள். மருமகளின் கையால் முதல் காபியை எதிர்பார்க்கும் மாமியாரைப் போலக் காத்திருந்தாள்.  உண்மையைச் சொன்னால் வண்டி நகராது. மதுரையில் அந்த இல்லத்துக்கு யாரோ இரண்டு பேர் ஏற்கெனவே குளித்துக் கிளம்பியிருப்பார்கள். அவள் வராமலிருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டே.

"துணைக்கு வர்றேன்" என்றாள். வண்டி கிளம்பவில்லை. போதவில்லை போலும். "நோயாளிக்குத் துணை. இவருக்கு... ரொம்ப முடியலை."

"விரைவில் நலம் பெறட்டும்" என்று வண்டி கிளம்பியது.

தெரு பின்னால் போயிற்று. அசையாத காற்றாலைகள் இரு பக்கமும் வந்துகொண்டே இருந்தன. கோவில்பட்டி தாண்டியது, சாத்தூர் தாண்டியது. மதுரை என்று சொல்லியிருந்தால் இங்கே நின்றிருப்போம் என்று ஆவுடை நினைத்தாள். வெட்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மணியைத்தான் பார்க்கத் தோன்றியது.

விருதுநகர் நெருங்கும்போது வண்டி மறுபடியும் பேசியது.

"நோயாளியின் நாடி உயர்ந்துகொண்டே இருக்கிறது. அருகிலுள்ள மருத்துவமனைக்குத் திருப்புகிறேன்."

வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்கத் தொடங்கியது. ஜெபமணி வண்டியைத் திருப்பும் திசைக்கட்டையைப் பிடித்து இழுத்தாள். அது அசைந்துகொடுக்கவில்லை. நோயாளி வண்டியில் ஓட்டுகிறவர் கைக்கு மேல் வண்டியின் கை. இருக்கைக்குள் இருந்த ஏதோ ஒன்று அந்தக் கிழவரின் முதுகு வழியாக அவர் இதயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே நோய் இல்லை, பயம்தான். இத்தனை காலமும் வீட்டு வாசலில் நடித்த மனிதர் முதல் முறையாக நடிப்போடு ஊரைத் தாண்டி வந்திருந்தார். மாட்டிக்கொண்டால் மகளுக்கு என்ன ஆகும் என்று நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"எப்பா, பயப்படாதிய" என்றாள் ஜெபமணி. அவள் குரலும் நடுங்கியதால் கிழவர் இன்னும் பயந்தார். "நாடி மேலும் உயர்கிறது" என்றது வண்டி.

சாலையிலிருந்து பிரியும் வழி கண்ணுக்குத் தெரிந்தது. அதில் திரும்பினால் பரிசோதனை, படுக்கை, விசாரணை. பத்து மணி அங்கேயே கடந்துவிடும். ஆவுடை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் குனிந்து பொன்னையாவின் கையைப் பற்றிக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது.

"ஒண்ணுமில்லை மாமா. அவ்வளவுதான். வந்துட்டோம்."

"வந்துட்டோமா?"

"இதோ. பக்கத்துலதான். வந்துட்டோம்."

மதுரைக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வழியெல்லாம் அவர் மைல்கற்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். இருந்தும் அந்தச் சொல் அவருக்குள் இறங்கியது. விரல்கள் தளர்ந்தன. மூச்சு நீண்டது. ஆவுடை மறுபடியும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது தன் கணவனின் குரலைப் போலவே கேட்பதைக் கவனித்தாள். அதே இழுப்பு, அதே இறக்கம். தெருமுனையில் இல்லாமலே இருக்கிறேன் என்று அவன் சொன்னபோது, ஒருவேளை அவளுடைய நாடியைத்தான் பிடித்திருந்தானோ? இத்தனை வருடத்தில் முதல் முறையாக அப்படி ஒரு கேள்வி வந்தது. அதை அவள் விரும்பவில்லை. ஆனால் கிழவரின் கையை விடவும் இல்லை.

"நாடி சீராகிறது" என்ற வண்டி, பிரியும் வழியைக் கடந்து நேரே போனது.

 திருமங்கலம் வந்ததும் ஜெபமணி, "நல்லா வருது உங்களுக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இல்லத்தின் கூடத்தில் வரிசையில் அடுத்திருந்த தம்பதியர் உட்கார்ந்திருந்தார்கள். கணவன் கையில் ஒரு பொம்மைப் பை. மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க உள்ளே வந்த ஆவுடையைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மெல்ல மூடிக்கொண்டது. ஆவுடையால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. கடிகாரத்தின் பெரிய முள் இன்னும் உச்சியைத் தொடவில்லை. தொடுவதற்குக் கொஞ்சமே இருந்தது.

குழந்தையை அழைத்து வந்தது ஒரு செவிலிப்பொறி. இல்லங்களில் குழந்தைகளை வளர்ப்பவை அவைதான். மென்மையான கைகளும் பொய்யே சொல்லத் தெரியாத நாக்கும் கொண்டவை. மருந்து கசக்குமா என்று கேட்டால் கசக்கும் என்பவை.

தாழை ஒல்லியாக இருந்தாள். இரட்டைச் சடை. பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஆவுடையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போவீங்களா?"

"இன்னைக்கே. இப்பவே."

"வீடு எவ்ளோ தூரம்?"

ஆவுடை மண்டியிட்டு அமர்ந்தாள். இந்தக் கேள்விக்காகத்தான் அவள் வாழ்நாளெல்லாம் அளவாகப் பேசிப் பழகியிருந்தாள். "சரியா ரெண்டு மணி நேரம்" என்றாள்.

குழந்தையின் உதடு பிதுங்கியது. "அப்ப இருட்டிடும்."

இல்லையம்மா, ரெண்டு மணி நேரம்தான், சாப்பாட்டு வேளைக்குப் போய்விடலாம் என்று ஆவுடை விளக்கினாள். விளக்க விளக்கக் குழந்தையின் பார்வை சந்தேகத்தில் குறுகியது. செவிலிப்பொறி குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னது.

"இக்குழந்தையை அழைத்துப் போவதாக இதற்கு முன் இரண்டு குடும்பங்கள் வாக்களித்தன. நாளைக்கே என்றவர்கள் வரவில்லை. சிங்கப்பூருக்குக் கூட்டிப் போகிறோம் என்றவர்களும் வரவில்லை. பிஸ்கட் வாங்கி வருகிறேன் என்ற சமையல்காரர் மட்டும் மறுவாரம் அரைப் பொட்டலம் கொண்டுவந்தார். அது முதல் பெரியவர்கள் சொல்வதைக் குழந்தை தானே கழித்துக்கொள்கிறது. அதன் கணக்கு இதுவரை தவறியதில்லை. நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை."

ஆவுடைக்கு ஒரு கணம் பங்காளியின் நிதானமான குரல் காதில் கேட்டது. அவள் குழந்தையின் சடையைத் தொட்டாள். உண்மையை எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். பிறகு, குழந்தையின் கணக்குக்கு ஏற்ற மாதிரி சொன்னாள்.

"வீடு பக்கத்துலதான். இதோ, அஞ்சே நிமிஷம்."

தாழையின் நெற்றிச் சுருக்கம் விலகியது. உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள்.

"அப்ப மத்தியானச் சோத்துக்குப் போயிடலாம்" என்று சொல்லி, பையை ஆவுடையிடம் நீட்டினாள்.

திரும்பும்போது பொன்னையாவுக்கு மதுரையிலேயே சுகமாகிவிட்டது என்று ஜெபமணி வண்டியிடம் தெரிவித்தாள். வண்டி மகிழ்ச்சி தெரிவித்தது. நோயாளி வழியெல்லாம் தாழையோடு முறுக்குத் தின்றுகொண்டு, தனக்கு என்னென்ன நோய்கள் வந்தன, எப்படி இருமினால் நம்புவார்கள் என்று செய்துகாட்டிக்கொண்டே வந்தார். அவர்கள் விசிறித்தெருவில் இறங்கியபோது மத்தியானச் சோற்று நேரம்தான்.

அன்று அந்தியில் தெரு வழக்கம்போல வாசலுக்கு வந்தது. வேலாயுதப்பெருமாள் ராமேஸ்வரம் என்றார். ஜெபமணி கரண்டியோடு வந்து வேலூர் என்றாள். இந்த முறை முதுகைக் காட்டவில்லை. எதிர்வாசலைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

ஆவுடை தாழையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வண்டியின் அருகே நின்றாள். நாளைக்கு எங்கும் போகப்போவதில்லை. பிள்ளைக்கு வீட்டைக் காட்ட வேண்டும், சமையலறை, மொட்டைமாடி, எந்தச் சன்னலில் நின்றால் காற்றாலை தெரியும் என்றெல்லாம். எங்கும் இல்லை, எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று சொல்லலாம். அதில் கழிப்பதற்குப் பங்காளிக்கும் ஒன்றுமில்லை. இந்தத் தெருவில் சேதாரமில்லாமல் போய்ச் சேரக்கூடிய ஒரே உண்மை அதுதான். சொல்வதற்கு வாயெடுத்தாள்.

குழந்தையின் கன்னம் அவள் கழுத்தில் பட்டது. கொஞ்சம் சூடாக இருப்பது போலத் தோன்றியது. பயணத்தின் சூடாக இருக்கும். இருந்தாலும், அவசரமாகக் கயத்தாறு வரைக்காவது போக வேண்டி வந்தால்?

"நாளைய பயணம்?" என்றது வண்டி.

"சென்னை" என்றாள் ஆவுடை. "குடும்பத்தோட."

"நன்றி" என்றது வண்டி.

தாழை தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தாள். சென்னை எவ்வளவு பெரிய சொல் என்று அளப்பது போல, வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் நிம்மதியாகத் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அப்ப நாளைக்கு வீட்லதான் இருப்போம்" என்றாள்.